வாகைக்குளம் விமான நிலையம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம், மலிவுக் கட்டண விமானங்கள், புதிய வழித்தடங்கள் ஆகியவற்றைப் பற்றித் திருநெல்வேலிச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த மாதம் நிறையவே சேர்ந்துவிட்டன. பாளையங்கோட்டையில் நெடுங்காலமாகப் பயணச்சீட்டு முகவராக இருந்துவரும் எனக்கு இவை தினமும் மேசைக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் எழுத இயலவில்லை. சிலவற்றை விரிவாகவும் சிலவற்றைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

வாகைக்குளத்தில் புதிய முனையம் கட்டி, ஓடுபாதையையும் நீட்டிவிட்டார்கள். ஆனால் சென்ற முறை சென்னைக்குப் போக நான் ஏறியது, இறக்கைக்குக் கீழே விசிறி சுழலும் அதே சிறிய விமானம்தான். அவ்வளவு பணம் செலவழித்தும் பெரிய விமானம் வராதது ஏன்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை)

அம்மா, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்த அந்த முனையத்தின் பரப்பு 17,340 சதுர மீட்டர். ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஏறத்தாழ 450 கோடி ரூபாய் செலவில், ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்துபோகும் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். ஏர்பஸ் ஏ-321 வகை விமானங்கள் ஐந்து நிற்கும் இடமும் உண்டு. ஆகவே பெரிய விமானம் வருவதற்குத் தடையாக இருந்த கதவு திறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கதவு திறந்ததாலேயே ஆள் உள்ளே வந்துவிடுவதில்லை. வருகிறவருக்கு அந்த வீட்டில் கணக்குச் சரிப்பட்டு வர வேண்டும்.

அந்தக் கணக்கை முகவர் மேசையிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் விசிறி விமானமான ஏடிஆர்-72இல் 78 இருக்கைகள். அந்த எண்ணிக்கை தற்செயலானது அன்று. 80 இருக்கைகளுக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் இறங்குகட்டணம் கிடையாது என்ற சலுகை 2004 முதல் இருந்துவருகிறது. எரிபொருள் வரியிலும் இதே போன்ற ஒரு வேறுபாடு உண்டு. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதன் மீது மாநிலங்கள் வாட் வரி விதிக்கின்றன. தமிழ்நாட்டில் அந்த விகிதம் 29 விழுக்காடு என்ற உயரத்தில் ஆண்டுக்கணக்காக இருந்துவந்திருக்கிறது. ஆனால் புறப்பாட்டு எடை 40,000 கிலோவுக்குக் குறைவாக உள்ள பயணிகள் விமானத்துக்கு விற்கும் எரிபொருளுக்கு, மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி, எந்த மாநிலமும் 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. ஏடிஆரின் எடை சுமார் 23,000 கிலோ. ஏர்பஸ் ஏ-320 நியோவின் எடை 79,000 கிலோ. ஒரு விமான நிறுவனத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகிற நிலையில், சிறிய விமானத்துக்கு இறங்குகட்டணமும் இல்லை, வரியும் குறைவு என்றால், வாகைக்குளம் போன்ற நிலையத்துக்கு நிறுவனங்கள் அதையே அனுப்புவதில் வியப்பில்லை.

பெரிய விமானம் வந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நான் உடனே ஆம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஏடிஆர் பறந்தால் 156 இருக்கைகள். ஒரு ஏர்பஸ் பறந்தால் 180 அல்லது 186. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருக்கும் இரண்டு சிறிய விமானங்களை எடுத்துவிட்டு, நண்பகலில் ஒரே ஒரு பெரிய விமானத்தை வைத்தார்கள் என்றால் இருக்கை கூடியிருக்கும், ஆனால் உங்களுக்கு வசதி குறைந்திருக்கும். சென்னைக்குப் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியாது. பெரிய விமானத்துக்கு இங்கே உண்மையான பயன் மும்பை, டெல்லி போன்ற தொலைதூர நகரங்களுக்கு நேரடியாகப் பறப்பதில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு ஏடிஆர் ஏற்றதும் அன்று. ஓடுபாதையை நீட்டியதன் பொருளை அங்கேதான் தேட வேண்டும்.

அண்ணாச்சி, சாதாரண நாளில் மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிற சென்னை டிக்கெட், பொங்கலுக்கு மூன்று மடங்கு ஆகிறது. பஸ் கட்டணத்தைப் போல அரசாங்கம் இதற்கும் ஒரு விலையைக் கட்டி வைக்கக் கூடாதா?
(கடலைமிட்டாய் வியாபாரி, கோவில்பட்டி)

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் கட்டணத்தைச் சொல்லும்போது, எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

1994இல் விமானக் கழகங்கள் சட்டத்தை நீக்கிய பிறகு கட்டணத்தை முடிவு செய்யும் உரிமை நிறுவனங்களுக்கே வந்துவிட்டது. அவர்கள் ஒரு விமானத்தின் இருக்கைகளைப் பல அடுக்குகளாகப் பிரித்து வைக்கிறார்கள். கீழடுக்கில் சில இருக்கைகள் மலிவாக இருக்கும்; அவை விற்றதும் அடுத்த அடுக்கு திறக்கும்; கடைசி அடுக்கின் விலை முதல் அடுக்கைப் போல நான்கைந்து மடங்கு இருக்கலாம். 186 இருக்கைகள் உள்ள விமானத்தில் கீழடுக்குகள் கரைய நாளாகும். 78 இருக்கைகளில் ஒரு கல்யாண வீட்டார் பதினைந்து பேர் சேர்ந்து பதிவு செய்தாலே இரண்டு அடுக்குகள் ஒரே மாலையில் காலியாகிவிடும். சிறு நிலையங்களில் கட்டணம் திடீரென்று ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு தலையிடவே முடியாது என்பதும் சரியன்று. 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானதையொட்டி இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, மற்ற நிறுவனங்களின் கட்டணம் கண்டபடி ஏறியபோது, ஒன்றிய அரசு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என்று அது போனது. அது நெருக்கடிக்கான மருந்து. நாள்தோறும் அதையே கொடுத்தால் இலாபமற்ற சிறு வழித்தடங்களைத்தான் நிறுவனங்கள் முதலில் கைவிடும் என்பது என் அச்சம்.

நாள்தோறும் வேலை செய்கிற மருந்து இரண்டாவது நிறுவனம். இந்த நிலையத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1992இல் திறந்த நிலையம் இது. 2006இல் ஏர் டெக்கான் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியபோதுதான், அதுவரை விமானத்தையே நினைத்துப் பார்க்காத குடும்பங்கள் என் கடைப் படியேறி வந்தன. அந்த நிறுவனம் கிங்ஃபிஷருக்குள் கரைந்தது. கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதையே நிறுத்தியது. பிறகு ஸ்பைஸ்ஜெட்டின் கியூ-400 விமானங்கள், அதன் பிறகு இண்டிகோவின் ஏடிஆர் என்று கை மாறிக்கொண்டே வந்தது. 2025ஆம் ஆண்டின் கோடைக்கால அட்டவணையில் ஸ்பைஸ்ஜெட் மறுபடியும் இங்கே வந்தது. ஒரே நிறுவனம் மட்டும் இருந்த காலங்களில், நேரத்தையும் விலையையும் அவர்கள் சொல்வதே சட்டம். இரண்டு பேர் இருக்கும்போது, கடைசி அடுக்கைத் திறக்கும் முன் ஒருவர் மற்றவரின் விலையைப் பார்க்கிறார். ஓடுபாதையின் நீளத்தைவிட இந்த ஒன்றுதான் உங்கள் பையைத் தொடும் விஷயம்.

கடையநல்லூரிலிருந்து துபாய்க்கும் ரியாத்துக்கும் போகிறவர்கள் எத்தனையோ பேர். வாகைக்குளத்திலிருந்து நேரடியாக வளைகுடாவுக்கு விமானம் எப்போது வரும்?
(வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பியவர், கடையநல்லூர்)

இரவு பத்து மணிக்கு வேன் வந்து வாசலில் நிற்கும். அட்டைப்பெட்டியைச் சுற்றி நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நான்கு பக்கமும் தடித்த பேனாவால் பெயரையும் ஊரையும் எழுதியிருப்பார்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "முப்பது கிலோ தாண்டிருச்சோ?" என்று வீட்டுப் பெரியவர் கேட்பார். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாக மலையிறங்கித் திருவனந்தபுரம் விமான நிலையம் போய்ச் சேரும்போது விடியத் தொடங்கியிருக்கும். மேலப்பாளையத்துக்காரர்களின் வேன் நாகர்கோவில் வழியாகப் போகும். இப்படி வேனில் ஏற்றி அனுப்பிய முகவர்களில் நானும் ஒருவன் என்பதால் உங்கள் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.

வளைகுடாவுக்குப் பறக்க ஓடுபாதை இருந்தால் மட்டும் போதாது. சுங்கச் சட்டத்தின் கீழ் அந்த நிலையத்தைச் சுங்க விமான நிலையமாக அறிவிக்க வேண்டும். குடியேற்றச் சோதனைச் சாவடிக்கு ஒப்புதலும் ஆட்களும் வேண்டும். அதற்கு மேல், இரு நாடுகளுக்கிடையிலான விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் எந்த ஊர்களுக்குப் பறக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் அயல்நாட்டு நிறுவனங்கள் வர இயலும். மதுரை சுங்க நிலையமாக இருந்தும், அயல்நாட்டு நிறுவனங்கள் பல அங்கே வர முடியாமல் இருப்பது இந்த ஒப்பந்தத்தால்தான். திருவனந்தபுரம் பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்திய நிறுவனம் ஒன்று வாகைக்குளத்திலிருந்து முதலில் தொடங்குவதே நடக்கக்கூடியது. அதற்கும் சுங்க அறிவிப்பு முன்னால் வர வேண்டும்.

அதுவரை, வாகைக்குளத்திலிருந்து சென்னை அல்லது பெங்களூரு போய் மாறிச் செல்வது ஒரு வழி. அப்படிச் செல்கிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: இரண்டு பயணத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் பதிவு செய்யுங்கள். தனித்தனிச் சீட்டாக எடுத்தால் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ மட்டுமே அனுமதி. உங்கள் 30 கிலோ பெட்டியின் மீதிக்கு வாகைக்குளத்திலேயே பணம் கட்ட வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணமும் போய்விடும். ஒரே பதிவாக இருந்தால், அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றி அனுப்புவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறதே என்று தனித்தனியாக எடுத்து, விசா நாள் முடிந்து திரும்பி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

விமானத்தில் அல்வா கொண்டுபோகலாமா?
(கல்லூரி மாணவி, திருச்செந்தூர்)

தாராளமாக. ஆனால் நெய்யையும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயையும் கைப்பையில் வைக்காமல் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். அல்வாவை இலையோடு தாளில் மடித்துக் கொடுத்தால் நெய் கசிந்து துணியெல்லாம் பாழாகும். மூடியுள்ள டப்பாவில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலிவுக் கட்டணத்தில் உணவு, இருக்கைத் தேர்வு, கூடுதல் எடை எல்லாம் தனிக் காசு; அந்த நிறுவனங்களின் வருமானத்தில் அதற்கு நல்ல பங்கு உண்டு. கூடுதல் எடைக்கு நிலையத்தில் கட்டுவதைவிட முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் குறைவு. ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள அறை சிறியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உடான் திட்டத்தில் சிறு ஊர்களுக்கெல்லாம் விமானம் விடுகிறார்களே, தென்காசி மாவட்டத்துக்கும் ஒரு விமான நிலையம் கேட்டால் என்ன?
(அரிசி ஆலை உரிமையாளர், சங்கரன்கோவில்)

கேட்பது உங்கள் உரிமை. ஆனால் கேட்கும் முன் அந்தத் திட்டத்தின் அனுபவத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி விமானத்தோடு உடான் தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று குறிப்பிட்ட இருக்கைகளுக்கு உச்சவரம்பு. அதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு நிதியுதவி. அந்த மூன்று ஆண்டுகளும் அந்த வழித்தடத்தில் அந்த நிறுவனத்துக்கே தனி உரிமை. நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம் அது.

ஆனால் 2023இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்வது இது: ஏலத்தின் மூன்றாம் சுற்று வரை நிறுவனங்களுக்கு ஒப்படைத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் 112 மட்டுமே மூன்று ஆண்டுகளை முடித்தன. உதவி நின்ற பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி, ஓடிக்கொண்டிருந்தவை 54. ஒப்படைத்தவற்றில் நூற்றுக்கு ஏழு.

நம் மாநிலத்திலேயே சேலம் இருக்கிறது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. மக்கள் விரும்பி ஏறினார்கள். 2021இல் சேவை நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் அந்த நிலையம் மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் கட்டடமும் ஓடுபாதையும் காவலாளிகளும் இருந்தார்கள், விமானம் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து வாகைக்குளம் இரண்டு மணி நேரப் பயணம். புதிதாக ஒன்றைக் கட்டி, பயணிகளை இரண்டாகப் பிரித்து, இரண்டு நிலையங்களையும் இளைக்க வைப்பதைவிட, சங்கரன்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் விமான நேரத்தை ஒட்டி வாகைக்குளத்துக்கு நேரடிப் பேருந்து விடச் சொல்லிக் கேட்பதையே நான் விரும்புவேன்.

என் மகளுக்குச் சென்னையில் வேலைக்கான நேர்காணல். விடியற்காலையில் நிலையத்துக்குப் போன பிறகுதான் விமானம் ரத்து என்று சொன்னார்கள். அன்று வேறு விமானமும் கிடைக்கவில்லை. பயணச்சீட்டுப் பணம் மட்டும் திரும்பி வந்தது. இவ்வளவுதானா எங்களுக்குக் கிடைப்பது?
(விவசாயி, நாங்குநேரி)

இல்லை ஐயா. போன நேர்காணலை எந்த விதியும் திருப்பித் தராது, அதை எண்ணி வருந்துகிறேன். ஆனால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உரிய காலத்தில் முன்னறிவிப்புத் தராமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழுப் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பறக்கும் வழித்தடத்துக்கு அது 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. புயல், பாதுகாப்புக் காரணம் போன்று நிறுவனத்தின் கையை மீறியவற்றுக்கு இழப்பீடு இல்லை. ஆகவே ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் ஏர்சேவா இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம்; நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

இன்னொன்றையும் என் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். பயணியின் தொடர்பு எண் சரியாக இல்லையென்றால் இழப்பீடு தரத் தேவையில்லை என்றும் அந்த விதி சொல்கிறது. முகவர்கள் சிலர் பதிவில் தங்கள் கைப்பேசி எண்ணையே போட்டுவிடுகிறார்கள். ரத்துச் செய்தி நள்ளிரவில் முகவருக்கு வந்து, அவர் தூங்கிக்கொண்டிருக்க, பயணி வாகைக்குளத்துக்கு வண்டி ஏறியிருப்பார். சீட்டு வாங்கும்போது அதில் உங்கள் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.

ஒரே ஏடிஆர் ஒரு நாளில் ஐந்தாறு முறை பறக்கிறது. காலையில் வேறு ஊரில் ஏற்பட்ட பழுது மாலையில் நம் ஊர்ப் பயணியின் தலையில் விழும். பெருநகரத்தில் அடுத்த விமானம் ஒரு மணி நேரத்தில் இருக்கும். இங்கே அடுத்தது நாளைக்கு. இரண்டாவது நிறுவனம் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் கட்டணம் மட்டும் காரணம் இல்லை.

வந்தே பாரத் வந்த பிறகு விமானத்துக்கு ஆள் குறையாதா? விமான நிலையம் தொடர்பாக நாம் கேட்க வேண்டியது என்ன?
(பல்பொருள் அங்காடி நடத்துபவர், வண்ணார்பேட்டை)

2023 செப்டம்பர் 24 அன்று 8 பெட்டிகளோடு தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத்தில் இடம் போதாமல் 16 ஆக்கி, பிறகு 20 ஆக்கினார்கள். எட்டு மணி நேரத்துக்குள் சென்னை. குடும்பத்தோடு போகிறவருக்கு அதுவே சிறந்தது, நானும் அதையே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியவருக்கு ரயில் உதவாது. தூத்துக்குடி துறைமுகம், 2025 ஆகஸ்டில் தொடங்கிய வின்ஃபாஸ்ட் கார் ஆலை, கங்கைகொண்டான் சிப்காட், கூடங்குளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் ஆகிய இடங்களுக்கு வேலையாக வந்துபோகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் இருக்கையை நிரப்புகிறவர்களும் இவர்கள்தான். பண்டிகைக்கு மட்டும் வரும் கூட்டத்தை நம்பி எந்த நிறுவனமும் நிலைக்காது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, இரவில் வாகைக்குளத்திலேயே தங்கும் ஒரு விமானம். சென்னையில் தங்கும் விமானம் காலையில் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் நம் ஆள் புறப்பட முடியும். சென்னையில் அவர் இறங்கும்போது பாதிக் காலை போயிருக்கும். இங்கே தங்கினால் ஆறு மணிக்குப் புறப்பட்டு, அலுவலகங்கள் திறக்கும் முன் அங்கே இருக்கலாம். இரவு அதே விமானத்தில் திரும்பலாம். விமானிகள் தங்கப் பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ ஓர் ஓட்டல், விடியற்காலையில் விமானத்தைப் பார்க்க ஒரு பொறியாளர், இரவும் அதிகாலையும் இயங்கும் நிலையம் ஆகியவை அதற்குத் தேவை. நிறுத்துமிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் கூடும் விமான நிலைய ஆலோசனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கு இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் புதிய நகரங்களின் நீண்ட பட்டியலோடு போகாமல், வாரத்தில் எந்த நாளில், எத்தனை பேர், எந்த நேரத்தில் சென்னை போகிறார்கள் என்ற கணக்கை உங்கள் சங்கத்து உறுப்பினர்களிடம் திரட்டி எடுத்துக்கொண்டு போகட்டும். என்னிடம் உள்ள பதிவேட்டைத் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.